கழலாத செயின்

பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்
நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
கருவியின் வாயில் ஒரு பிடி போட்டால் போதும்,
எண் சொல்லிவிடும்.
எனக்குக் கருவி தேவையில்லை,
ஊரே மூக்கை வைத்திருக்கிறது.

நாற்பத்து மூன்று நாள்.
கொள்முதல் நிலையத் தகரச் சுவரில்
கரித்துண்டால் கோடு போட்டு வருகிறேன்.
லோடு கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்று காலை இற்றுப்போன சாக்கு ஒன்று
தோளிலேயே வாய் பிளந்தது.
நாற்பது கிலோ சன்னரகம் முதுகு வழியே சரிய
ஒரு கால் தடுமாறினேன், ஒரே கால்.
பட்டியல் எழுத்தர் நிமிராமலே கேட்டார்:
"என்ன உத்திராபதி, விடிஞ்சதுமே திருவிழாவா?"
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அதுதான் மோசம்.
சாக்கை யாரும் பார்க்கவில்லை.

அப்போது தொடங்கியது.
நாக்கில் இல்லை, தொண்டையில் இல்லை.
முதலில் காதுமடல் சுட்டது.
பிறகு உள்ளங்கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்
நூற்று அறுபது ரூபாயை எண்ணியது.
நான் எண்ணச் சொல்லவில்லை.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்
பிலோமினா சிஸ்டர் என் நெற்றியில் விரல் வைத்துச் சொன்னார்:
"பிரேக் இங்கதான் இருக்கு.
அவமானப்படுறப்ப உள்ள ஒரு மணி அடிக்கும் பாருங்க,
அது அடிக்க அடிக்க பிரேக் கட்டை தேயும்.
கால்மணி நேரம் தள்ளிப்போடுங்க. தானா இறங்கும்."

இன்னொன்றும் கேட்டார், காகிதத்தில் குறித்துக்கொள்ள:
"இப்பவே நூறு ரூபாயா, ஒரு மாசம் கழிச்சு ஐநூறா?"
இப்பவே நூறு என்றேன்.
அவசரப்புத்தி என்று எழுதிக்கொண்டார் போலும்.
சிஸ்டர், நான் கடைமடைக்காரன்.
மேட்டூரில் பூத்தூவி அனுப்பிய தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள்
நாற்றங்கால் இரண்டு தரம் காய்ந்திருக்கிறது.
ஏற்றுகூலி மூன்று வாரமாய் 'நாளைக்கு'.
பிறகு என்பது
எனக்கு மேலே இருக்கிற மதகுகள் எல்லாம்
குடித்து மிச்சம் வைப்பது.
என் மூளை படித்த பாடம் அது ஒன்றுதான்.

சாயங்காலம், நீடாமங்கலம் ரயில்வே கேட்.
அடைத்துவிட்டார்கள்.
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் பச்சைப் பலகை, கம்பிவலை,
வலைக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும் கைகள்.
இந்தப்பக்கம் நானும் சைக்கிளும் நூற்று அறுபதும்.
சரக்கு ரயில் நகர்வதும் நிற்பதுமாய் இருந்தது.
நான் ஏற்றிய மூட்டைகளும் அதற்குள் போகலாம்.
பெட்டிகளை எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு.
பக்கத்து பைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு
பின்சீட்டு மகளை முன்னால் மாற்றி உட்காரவைத்தார்.
தமிழ்விழி போடுகிற அதே சீருடை.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இந்தக் கேட்டை எத்தனை வருடம் திட்டியிருக்கிறேன்.
என் நெற்றிக்குள் தேய்ந்துபோன கட்டையை
ரயில்வேக்காரன் இரும்பில் செய்து
சாலைக்குக் குறுக்கே போட்டிருக்கிறான் இன்று.

பன்னிரண்டாம் நிமிடம் கேட் எழுந்தது.
இன்னும் மூன்று பாக்கி.

சைக்கிளை ஓரம் தள்ளிக் குந்தினேன்.
கழலாத செயினைக் கழற்றினேன்.
மாட்டினேன்.
மறுபடி கழற்றினேன்.
பின்னாலிருந்து ஹாரன்:
"குடிகாரப் பய, வழியில உக்காந்திருக்கான் பாரு."
காதுமடல் திரும்பவும் சுட்டது.
சிஸ்டர், இப்போது கால்மணி நேரத்தை
முதலிலிருந்து எண்ண வேண்டுமா?
அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பல்சக்கரத்தில் பல் பல்லாய் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
ராத்திரி அஞ்சம்மாள்
முகம் துடைத்துவிடுகிற சாக்கில் மோந்து பார்ப்பாள்.
கிரீஸ் வாசம் வரும்.
என்ன இது என்பாள்.
செயின் கழன்றுவிட்டது என்பேன்.
நாற்பத்து மூன்று நாளில்
அவளிடம் சொல்லும் முதல் பொய்
அதுவாக இருக்கட்டும்.